ஹாட் ராட் கார்களின் பெயரைப் படிப்பது எப்படி?

"சாப்டு டூஸ் த்ரீ-விண்டோ." அமெரிக்க ஹாட் ராட் பிரியர் ஒருவரிடம் இதை மட்டும் சொன்னால் போதும். கார் எந்த ஆண்டைச் சேர்ந்தது, கதவு எந்தப் பக்கமாகத் திறக்கும், கூரை எவ்வளவு தாழ்ந்திருக்கும் என்று எல்லாமே அவர் கண்முன் வந்துவிடும். புதிதாக இந்த உலகத்துக்குள் நுழைபவருக்கோ தலை சுற்றும். டூஸ், ஹைபாய், பக்கெட், டப், விக்கி என்று நண்பர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் பட்டப்பெயர்கள் போலக் காதில் விழும்.

இவற்றைப் புரிந்துகொள்ள நேரான வழி ஒன்று உண்டு. ஒரு ஹாட் ராட் பெயரில் வரும் ஒவ்வொரு சொல்லும் மூன்று கேள்விகளில் ஏதோ ஒன்றுக்குப் பதில். கார் எந்த ஆண்டு? தொழிற்சாலையிலிருந்து எந்த வகை பாடியோடு வெளியே வந்தது? அப்புறம் அதை வாங்கியவர் அதில் எதை வெட்டினார், எதைக் கழற்றினார்? இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், முன்பின் தெரியாத காரின் பெயரைக்கூட அவிழ்த்துவிடலாம்.

முதலில் ஹாட் ராட் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய, மலிவான ஒரு காரை எடுத்து, வேண்டாத எடையைக் கழித்து, இன்ஜினின் சக்தியைக் கூட்டி, வேகத்துக்காகவே மாற்றியமைத்த வண்டி. இந்தப் பழக்கம் தென் கலிபோர்னியாவில் வளர்ந்தது. அங்கே மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள் உண்டு. தண்ணீர் வற்றி இறுகிப்போன, கண்ணுக்கெட்டிய தூரம் சமதளமான களிமண் தரை. இளைஞர்கள் வார இறுதியில் கார்களை அங்கே கொண்டுபோய் உச்ச வேகத்தில் ஓட்டி, நேரம் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அதை ஒழுங்குபடுத்த 1937-ல் தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய இளைஞர்கள் இதில் இன்னும் தீவிரமாக இறங்கினார்கள். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புவெளியில் முதல் 'ஸ்பீட் வீக்' நடந்தது.

ஆண்டைச் சொல்லும் பெயர்கள்

ஹாட் ராட் என்றாலே பெரும்பாலும் ஃபோர்டுதான். காரணம் எளிமையானது. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு ஒன்றரை கோடி மாடல் டி கார்களைச் செய்து தள்ளியது. அடுத்து 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ ஏறக்குறைய ஐம்பது லட்சம். கையில் காசில்லாத ஒரு பையனுக்குப் பழைய கார்க் கடையில் கிடைப்பது இவைதான். ஒன்றின் உதிரிப்பாகத்தைக் கொஞ்சம் தட்டிக்கொட்டி இன்னொன்றில் பொருத்தவும் முடிந்தது.

மாடல் டி-யை வெறும் 'டி' என்பார்கள். மாடல் ஏ-வுக்கு 'ஏ-போன்' என்று ஒரு பெயர். பின்னாளில் வந்த ஃபோர்டு வி8 இன்ஜினை (எட்டு சிலிண்டர்கள் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் நிற்பது) மாடல் ஏ-வில் ஏற்றினால் அது 'ஏ-வி8'. பழைய நான்கு சிலிண்டர் இன்ஜினையே வைத்துக்கொண்டு அதில் வேகம் கூட்டினால் 'பேங்கர்'.

ஆனால் இந்த உலகத்தின் நாயகன் 1932 ஃபோர்டு. சீட்டுக்கட்டில் இரண்டுக்கு அமெரிக்கர்கள் 'டூஸ்' என்பார்கள். 32-ல் உள்ள அந்த இரண்டால் காருக்கும் டூஸ் என்றே பெயர் விழுந்தது. அந்த ஆண்டு ஃபோர்டு செய்த காரியம் பெரியது. வி8 இன்ஜின் அதுவரை பெரும்பாலும் பணக்காரர்களின் கார்களில்தான் இருந்தது. ஃபோர்டு அதைச் சாதாரண மனிதர் வாங்கும் விலையில் கொடுத்தது. இன்ஜின் கொள்ளளவு 221 கன அங்குலம், சக்தி 65 குதிரைத்திறன். மாடல் டி-யின் சக்தி வெறும் 20, மாடல் ஏ-வுக்கு 40 என்பதோடு ஒப்பிட்டால் அந்தத் தாவல் புரியும். வால்வுகள் சிலிண்டர் பிளாக்கிலேயே இருப்பதால் அதன் மேல்மூடியான ஹெட் தட்டையாக இருக்கும். அதனால்தான் இந்த இன்ஜினுக்கு 'ஃபிளாட்ஹெட்' என்ற பெயர். அதே 1932 காரை நான்கு சிலிண்டர் இன்ஜினோடும் விற்றார்கள். அதுவும் டூஸ்தான்.

இன்ஜின் மட்டும்தான் காரணம் என்றால் டூஸுக்கு இத்தனை மவுசு இருந்திருக்காது. அதே வி8 அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வந்ததே. என் கருத்தில் உண்மையான காரணம் அதன் சேசிஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம். மாடல் ஏ-வில் மட்கார்டையும் ஃபுட்போர்டையும் கழற்றினால், அடியில் மறைந்திருந்த சேசிஸ் சட்டம் மொட்டையாகத் தெரியும். அது பார்வைக்காகச் செய்யப்பட்டதே அல்ல. 1932-ல் மட்டும் சேசிஸின் பக்கவாட்டுச் சட்டமே வெளியே தெரியும்படி அமைந்திருந்தது. அதில் நீளவாக்கில் ஓர் அழகான மடிப்புக் கோட்டையும் அழுத்தியிருந்தார்கள். எனவே மட்கார்டைக் கழற்றிய பிறகும் டூஸ் முழுமையான காராகவே தெரியும். பெட்ரோல் டேங்க்கும் பின்னால் வெளியே தெரியும்படி, பாடியின் வளைவோடு ஒத்துப்போகும். இந்த அமைப்பு ஒரே ஓர் ஆண்டுதான் வந்தது. 1929 மாடல் ஏ ரோட்ஸ்டரின் பாடியை டூஸ் சேசிஸ் மேல் உட்கார வைப்பவர்கள் இன்றும் நிறைய. அதை 'ஏ ஆன் டூஸ் ரெயில்ஸ்' என்பார்கள். டூஸின் கிரில்லை மட்டும் எடுத்து மாடல் ஏ-வின் மூக்கில் மாட்டுவது அதைவிடவும் சகஜம்.

1933, 1934 ஃபோர்டுகள் நீளமானவை. சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 106 அங்குலத்திலிருந்து 112 அங்குலமாகக் கூடியது. கிரில் சாய்ந்து கீழே கூர்மையாக முடியும். இந்த இரண்டு ஆண்டுகளையும் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே ஒரு விளையாட்டு. பானட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். காற்றுக்கான பிளவுகள் வளைந்து, ஒரு பக்கத்துக்கு ஒரே கைப்பிடி இருந்தால் 33. பிளவுகள் நேராக, ஒரு பக்கத்துக்கு இரண்டு கைப்பிடி இருந்தால் 34.

கூரை இல்லாதவை

இரண்டாவது கேள்வி பாடி. தொடக்கக்காரர் இங்கேதான் அதிகம் குழம்புவார். கூரை மடங்கும் கார் எல்லாவற்றையும் இன்று நாம் 'கன்வர்டிபிள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 1930-களில் அதிலேயே பல வகை இருந்தது.

ரோட்ஸ்டர் என்பது ஒரே வரிசை இருக்கை கொண்ட திறந்த கார். அதன் கதவில் கண்ணாடி கிடையாது, ஏற்றி இறக்கும் கைப்பிடியும் கிடையாது. மழை வந்தால் துணித் திரையைப் பொத்தான் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். முன் கண்ணாடியின் சட்டம் தனியாக போல்ட்டில் நிற்பதால் அதை மொத்தமாகக் கழற்றிவிடலாம். விலை குறைவு, எடையும் குறைவு. ஏரிப் படுகையில் ஓட்டுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கூரையை எடு, முன் கண்ணாடியை எடு, மட்கார்டை எடு, கிளம்பு. தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் நீண்ட காலம் கூரையுள்ள கூபேக்களைத் தன் பந்தயங்களில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. கூபே வைத்திருந்தவர்கள் ரஸெட்டா என்ற இன்னொரு அமைப்பின் பக்கம் போனார்கள். "ராட் என்றால் ரோட்ஸ்டர்தான்" என்று சில பெரியவர்கள் இன்றும் பிடிவாதம் பிடிப்பதற்கு இந்தப் பழைய வழக்கமும் ஒரு காரணம்.

கேப்ரியோலே தூரத்திலிருந்து பார்க்க ரோட்ஸ்டர் போலவே இருக்கும். துணிக் கூரை, இரண்டு கதவு. ஆனால் கதவுக்குள் ஏற்றி இறக்கும் கண்ணாடி இருக்கும். முன் கண்ணாடியின் தூண்கள் பாடியோடு நிலையாக இணைந்திருக்கும், கழற்ற முடியாது. வசதி அதிகம், எடையும் அதிகம். அந்தக் காலத்தில் இதற்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். இன்று ஹாட் ராட் சந்தையில் நிலைமை தலைகீழ். அதே ஆண்டு ரோட்ஸ்டருக்குத்தான் மதிப்பு. ஒரு படத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் கதவின் மேல் விளிம்பையும் முன் கண்ணாடியின் அடியையும் பாருங்கள். கதவில் கண்ணாடிக்கான வாய் இருக்கிறதா? முன் கண்ணாடி பாடியிலிருந்தே முளைத்தது போல் நிற்கிறதா? அப்படியென்றால் கேப்ரியோலே.

இரண்டு வரிசை இருக்கையுள்ள திறந்த கார் ஃபேட்டன். மாடல் டி காலத்தில் இதையே டூரிங் என்றார்கள். ஹாட் ராட் காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'டப்', அதாவது தொட்டி. மேலே ஒன்றுமில்லாமல், நான்கு பேர் உட்கார்ந்து வரும் அந்த உருவத்தைப் பார்த்தால் பெயரைக் குறை சொல்லத் தோன்றாது.

'டி-பக்கெட்' மாடல் டி-யின் திறந்த பாடியிலிருந்து பிறந்தது. முன்பாதி பாடியை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் குட்டையாக வெட்டிய பிக்-அப் பெட்டி ஒன்றை மாட்டுவார்கள். பானட் கிடையாது, மட்கார்டு கிடையாது, இன்ஜின் முழுசாக வெளியே தெரியும். இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியவர் நார்ம் கிரபோவ்ஸ்கி. 1950-களில் அவர் மாடல் டி பாடியோடு மாடல் ஏ பிக்-அப்பின் பெட்டியைக் குறுக்கிச் சேர்த்து, கேடிலாக் வி8 இன்ஜினைப் பூட்டினார். அந்தக் கார் ஒரு தொலைக்காட்சித் தொடரில் தோன்றி நாடெங்கும் தெரிந்த முகமானது. அதன்பின் ஃபைபர் கிளாஸில் இந்த பாடியை வார்த்து விற்கத் தொடங்கினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் டி-பக்கெட்டுகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான்.

ஜன்னலை எண்ணுங்கள்

இனி கூபே. அமெரிக்கர்கள் இதைக் 'கூப்' என்றே உச்சரிப்பார்கள். ஒரே வரிசை இருக்கை, இரும்புக் கூரை, இரண்டு கதவு. இதில்தான் த்ரீ-விண்டோ, ஃபைவ்-விண்டோ என்ற புகழ்பெற்ற பிரிவு வருகிறது. எண்ணும்போது முன் கண்ணாடியைச் சேர்க்கக் கூடாது, இது முதல் விதி. இரண்டு கதவிலும் ஒவ்வொரு கண்ணாடி, பின்னால் ஒன்று, மொத்தம் மூன்று என்றால் த்ரீ-விண்டோ. கதவுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு சிறிய ஜன்னல் கூடுதலாக இருந்தால் ஐந்து, ஃபைவ்-விண்டோ.

1932-ல் த்ரீ-விண்டோ உயர்ரக மாடலாக வந்தது. அதன் கதவுகளின் கீல் பின்பக்கம் இருக்கும். எனவே கதவு நாம் பழகிய திசைக்கு எதிராகத் திறக்கும். வேகமாகப் போகும்போது தாழ் விட்டுப்போனால், காற்று உள்ளே புகுந்து கதவை அப்படியே விரித்துவிடும். இதற்கு 'சூயிசைடு டோர்' என்று பெயர் வந்தது அந்த ஆபத்தால்தான். 1932 ஃபைவ்-விண்டோவின் கதவு வழக்கமான திசையிலேயே திறக்கும். 1933, 34-க்கு வந்துவிட்டால் இரண்டு கூபேக்களுக்குமே கீல் பின்னால்தான். ஆகவே கதவை வைத்து அடையாளம் காணும் தந்திரம் டூஸுக்கு மட்டுமே செல்லும்.

எது அழகு என்ற வாதம் முடிவதே இல்லை. த்ரீ-விண்டோவின் கூரை, கதவு தாண்டியதும் தடையில்லாமல் பின்னோக்கி வழிந்து இறங்கும். கூரையை வெட்டித் தாழ்த்திய பிறகு அந்தக் கோடு இன்னும் எடுப்பாகும். ஃபைவ்-விண்டோவில் வெளிச்சமும் பின்பக்கப் பார்வையும் நன்றாக இருக்கும், தினமும் ஓட்டுகிறவருக்கு அதுதான் வசதி. என்னைக் கேட்டால் வெட்டாத கூரைக்கு ஃபைவ்-விண்டோ, வெட்டிய கூரைக்கு த்ரீ-விண்டோ.

கூபே, ரோட்ஸ்டர் இரண்டிலும் சிலவற்றில் டிக்கி மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு இருக்கை விரியும். அதுதான் ரம்பிள் சீட். வெயிலோ மழையோ, அதில் உட்கார்ந்தவர் வெளியேதான். இருக்கை இல்லாமல் சாமான் வைக்கும் இடம் மட்டும் இருந்தால் வியாபாரப் பயணிகளுக்கான கூபே.

கூபேவுக்கும் செடானுக்கும் நடுவில் நிற்பது விக்டோரியா, செல்லமாக 'விக்கி'. இரண்டு கதவு, பின்னால் சிறிய இருக்கை, பின்புறம் கொஞ்சம் புடைத்து வளைந்திருக்கும். செடான்களுக்கு ஃபோர்டே வைத்த பெயர்கள் டூடர், ஃபோர்டோர். இரண்டு கதவு, நான்கு கதவு என்பதன் ஒலி விளையாட்டு. ஒரு காலத்தில் செடானை யாரும் சீந்தவில்லை. ரோட்ஸ்டரைச் சரிசெய்ய உதிரிப்பாகம் வேண்டுமென்றால் அறுத்து எடுப்பது ஏதாவது ஒரு செடானிலிருந்துதான். நான்கு கதவுக் கார்களுக்கு 'மோர்-டோர்' என்று ஒரு இளக்காரப் பெயரும் உண்டு. குடும்பத்தோடு போகிறவர்கள் பெருகிய பிறகு டூடருக்கு நல்ல மரியாதை கிடைத்துவிட்டது, ஃபோர்டோர் இன்னும் காத்திருக்கிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. நன்றாகத் தாழ்த்தி அமைத்த 1932 ஃபோர்டோர் எந்தக் கூபேக்கும் இளைத்ததில்லை.

மரச்சட்டமும் மரப்பலகையும் கொண்ட ஸ்டேஷன் வேகன்தான் 'வூடி'. மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டுக்குச் சொந்தக் காடுகளே இருந்தன. அங்கே அயர்ன் மவுண்டன் என்ற ஊர்த் தொழிற்சாலையில் இந்த மரப்பாகங்கள் தயாராயின. ஜன்னலில்லாத பக்கங்களோடு சரக்கு ஏற்ற வந்தது செடான் டெலிவரி.

வெட்டியது எங்கே?

மூன்றாவது கேள்விதான் டின்கரிங் வேலையின் கேள்வி. இங்கே நான்கு வினைகள் முக்கியம்.

சாப் என்றால் கூரையைத் தாழ்த்துவது. ஜன்னல் மட்டத்தில் தூண்களில் சில அங்குலங்களை அறுத்தெடுத்து, மேல்பாதியைக் கீழே இறக்கி வெல்டிங் செய்வார்கள். "மூன்று அங்குல சாப்" என்றால் அவ்வளவு உயரம் போயிற்று என்று பொருள். காற்றை எதிர்க்கும் முகப்பளவு குறைந்தால் வேகம் கூடும், தொடக்கத்தில் நோக்கம் அதுதான். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் தூண்கள் நேராக நிற்காமல் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், இறக்கிய கூரையின் தூணும் கீழே நிற்கும் தூணும் ஒன்றோடொன்று சேராது. அப்போது கூரையையே பிளந்து நீட்ட வேண்டும், அல்லது தூணைச் சாய்க்க வேண்டும். டூஸின் தூண்கள் ஓரளவு நிமிர்ந்தவை என்பதால் வேலை சுலபம். 33, 34-ல் சாய்வு அதிகம், உழைப்பும் அதிகம். நல்லவேளையாக அந்தக் காலக் கண்ணாடிகள் தட்டையானவை, அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

சேனல் என்பது கூரையைத் தொடாமல் காரைத் தாழ்த்தும் வழி. பாடியின் தரையை அறுத்து, சேசிஸுக்கு மேல் உட்காராமல் அதைச் சுற்றிக் கீழே இறங்கும்படி பாடியை இறக்கிவிடுவார்கள். தரையை உயரத்தில் திரும்பப் பொருத்துவார்கள். கார் தரையோடு ஒட்டியது போல் அட்டகாசமாக இருக்கும். ஓட்டுகிறவர் மட்டும் காலை நீட்டி, ஏறக்குறைய தரையிலேயே உட்கார வேண்டும். கிரில்லும் ரேடியேட்டரும் உயரமாகத் துருத்தி நிற்காமலிருக்க அவற்றையும் குறுக்க வேண்டியிருக்கும்.

இப்போது ஹைபாய் புரிந்துவிடும். மட்கார்டுகளை எடுத்துவிட்டு, பாடியைச் சேனல் செய்யாமல் தொழிற்சாலை வைத்தபடி சேசிஸின் மேலேயே விட்டிருந்தால் அது ஹைபாய். சேனல் செய்து இறக்கியிருந்தால் லோபாய். ஹைபாயைப் பார்த்து "எவ்வளவு உயரமாக இருக்கிறது?" என்று தேடிப் பயனில்லை. முன் ஆக்சிலை வளைத்து மொத்தக் காரையும் தாழ்த்தியிருந்தாலும் அது ஹைபாய்தான். கவனிக்க வேண்டியது பாடிக்கும் சேசிஸுக்கும் உள்ள உறவை. பாடியின் கீழ் விளிம்புக்கு அடியில் சேசிஸ் சட்டம் முழுசாகத் தெரிகிறதா? தெரிந்தால் ஹைபாய்.

செக்ஷன் என்பது பாடியின் நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டையை அறுத்தெடுத்து மொத்த உடலையும் மெலிய வைப்பது. வேலை மிகக் கடினம், அபூர்வமாகத்தான் பார்க்கலாம். நான்காவது, சேசிஸின் பின்பகுதியை வெட்டி ஆங்கில 'இசட்' எழுத்து வடிவில் மேலே தூக்கி இணைப்பது. பாடியில் கை வைக்காமலே கார் தாழும்.

வெட்டித் தாழ்த்த வேண்டிய தேவையே இல்லாத பாடி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போர் முடிந்ததும் போர் விமானங்களின் கூடுதல் எரிபொருள் டேங்குகள் பழைய சாமான்களாக மலிவாக வந்தன. காற்றைக் கிழித்துப் போவதற்கென்றே வடித்த, கண்ணீர்த் துளி போன்ற உருவம். 1946-ல் பில் பர்க் என்பவர் அப்படியொரு டேங்கைக் காரின் பாடியாக்கினார். பிறகு பி-38 விமானத்தின் பெரிய டேங்குக்கு மாறி, ஓட்டுநர், இன்ஜின் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடைத்தார். இவைதான் 'பெல்லி டேங்க் லேக்ஸ்டர்'. சக்கரங்கள் நான்கும் மட்டும் வெளியே நிற்கும். ஹாட் ராட் மூளை எப்படி வேலை செய்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தக் காரின் படத்தைத்தான்.

இன்னும் சில சொற்கள் காதில் விழும். 'ஹென்றி ஸ்டீல்' என்றால் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையிலிருந்தே வந்த அசல் இரும்பு பாடி. ஃபைபர் கிளாஸ் நகலோ, புதிதாக அச்சடித்த இரும்பு பாடியோ அல்ல. விலையில் பெரிய வித்தியாசம் வருவதால், வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. 'கேஸர்' 1960-களின் டிராக் (drag) பந்தயக் கார், அதாவது குறுகிய நேர்கோட்டில் ஓடும் பந்தயத்துக்கானது, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 'லெட் ஸ்லெட்' ஹாட் ராட்டே அல்ல. ஈயத்தை உருக்கிப் பூசி வளைவுகளை மழுப்பிய 1949 மெர்க்குரி போன்ற கஸ்டம் கார் அது. அங்கே வேகம் இரண்டாம்பட்சம், உருவம்தான் முதல்.

ஆண்டுப் பெயர்கள் டூஸோடும் 34-ஓடும் நிற்பதில்லை. 1935 முதல் 1948 வரை மட்கார்டுகள் பருத்துப் பாடியோடு கலந்துவிட்ட கார்களை 'ஃபேட் ஃபெண்டர்' என்பார்கள். 1949-ல் ஃபோர்டு அந்த மட்கார்டையே ஒழித்து, பக்கங்களைச் சமமாக்கிப் பெட்டிபோல் ஒரு கார் கொண்டுவந்தது. 1949 முதல் 51 வரை வந்த அவை 'ஷூபாக்ஸ்'. 1955, 56, 57 ஷெவர்லேக்கள் மூன்றுக்கும் சேர்த்து 'ட்ரை-ஃபைவ்'. 1949-க்கு முந்தியவையே உண்மையான ஸ்ட்ரீட் ராட் (சாலையில் ஓட்டும் ஹாட் ராட்) என்று அமெரிக்க சங்கங்கள் நெடுங்காலம் கோடு போட்டு வைத்திருந்தன. காரணத்தை ஒரு ஷூபாக்ஸின் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். கழற்றுவதற்கு அதில் தனி மட்கார்டு கிடையாது.